கைவரைவும் கணினியும்: அசைவூட்டத் திரைப்படத்தின் உழைப்பு வரலாறு குறித்துச் சில கருத்துக்கள்

கலைகளின் வரலாற்றை எழுதுவோர் பலர் கருவிகளின் வரலாற்றையே கலை வரலாறாகக் கொண்டுவிடுகின்றனர். அச்சியந்திரம் வந்தது, ஏட்டுச்சுவடி மறைந்தது. பேசும்படம் வந்தது, மௌனப்படம் மறைந்தது என்றவாறு கூறப்படும்போது கருவியே எழுவாயாகிவிடுகின்றது. அக்கருவியைக் கொணர்ந்தவர் யார், எவருடைய செலவைக் குறைப்பதற்காக அது கொணரப்பட்டது, அது வந்தபின் எவருடைய நாற்காலி வெறுமையாயிற்று என்னும் வினாக்கள் அத்தகைய வாக்கியங்களில் இடம்பெறுவதில்லை. கையால் வரையப்பட்ட அசைவூட்டத் திரைப்படம் நலிவுற்றமையும் கணினிவழி அசைவூட்டம் மேலோங்கியமையும் இத்தகைய எளிமைப்படுத்தலுக்குப் பெரிதும் ஆளாகியுள்ளன.

1995 நவம்பரில், முழுவதும் கணினியினாலேயே உருவாக்கப்பட்ட முதலாவது முழுநீளப் படமாகிய 'டோய் ஸ்டோரி' அமெரிக்காவில் வெளிவந்தது. 2004 இல், இக்கலையின் தலைமைப்பீடமெனக் கருதப்பட்ட வோல்ட் டிஸ்னி நிறுவனம் கைவரைவுப் படத்தயாரிப்பை நிறுத்தத் தலைப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளும் உண்மையே. இவற்றுக்கிடையே இடப்படும் 'ஆகவே' என்ற சொல்லே ஆராயப்படவேண்டியதாகும். கைவரைவுக் கலையின் அடிப்படிகள் கணினிக்கு முன்னரே, பல தசாப்தங்களாக, ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டு வந்தன என்பதும், அப்படிகளுட் சில ஆசிய நாடுகளுக்குக் கூலிவேலையாக வந்துசேர்ந்தன என்பதும், பின்னர் இங்கும் அவை நிலைக்கவில்லை என்பதும் எமது கருத்தாகும். புளியங்குளத்திலிருந்து எழுதும் நாம் இவ்வரலாற்றின் கடைக்கோடியில் நின்றே அதனை நோக்குகின்றோம். அதன் பயனை, இக்கட்டுரையின் இறுதிப்பகுதியில் வாசகர் காணலாம்.

முதலில் இத்தொழிலின் தன்மையைச் சிறிது விரிவாக நோக்குதல் அவசியம். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகின்றது. 80 நிமிடப் படமொன்றில் 115,200 சட்டகங்கள் அமையும். ஒரே வரைபடத்தை இருமுறை ஒளிப்பதிவு செய்து பாதியாகக் குறைத்தாலும், ஒரு பாத்திரத்துக்கு மாத்திரம் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வரைபடங்கள் வேண்டியிருக்கும். 1908 இல் பிரான்சியராகிய எமில் கோல் ஏறத்தாழ 700 வரைபடங்களைக்கொண்டு தமது குறும்படத்தை உருவாக்கினார். அது ஒருவர் தனித்துச் செய்யக்கூடிய வேலை. 1914 இல் அமெரிக்கராகிய வின்சர் மக்கே 'கேர்ட்டி' என்னும் தொல்விலங்கை நடக்கவைத்தபோது நிலைமை மாறிவிட்டது. அவர் விலங்கை வரைந்தார். அதன் பின்னாலிருந்த பாறையையும் நீர்நிலையையும் ஆயிரக்கணக்கான தாள்களில் மீண்டும் மீண்டும் பிரதிசெய்வதற்கு ஓவியம் பயிலும் இளைஞர் ஒருவரை அமர்த்திக்கொண்டார். அசைவூட்டக் கலை பிறந்தபோதே அதனோடு உடன்பிறந்தது உதவியாளனின் உழைப்பு.

அந்த உதவியாளனின் வேலை நெடுநாள் நிலைக்கவில்லை. அதே 1914 ஆம் ஆண்டில் ஏர்ல் ஹேர்ட் என்பார் ஒளிபுகும் செலுலாயிட் தாளில் பாத்திரங்களை வரைந்து, ஒருமுறை மாத்திரம் தீட்டப்பட்ட பின்னணியின்மேல் வைத்து ஒளிப்பதிவு செய்யும் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். பின்னணியைப் பிரதிசெய்யும் வேலை ஒரே நாளிற் பொருளற்றதாயிற்று. இன்று கைவரைவின் தூய்மைக்கு அடையாளமாகப் போற்றப்பட்டு, ஏலக்கடைகளிற் பெருவிலைக்கு விற்கப்படும் 'செல்' தாளே, தான் தோன்றிய காலத்தில் ஆட்குறைப்புக் கருவியாகத் தோன்றியது என்பது பலரும் கவனியாத செய்தி. ஹேர்ட்டும் ஜோன் பிரேயும் தத்தம் காப்புரிமைகளை ஒன்றிணைத்து, 1930களின் தொடக்கம்வரை ஏனைய கலைக்கூடங்களிடம் உரிமப்பணம் அறவிட்டனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

'செல்' முறை உழைப்புப் பிரிவினையை நுணுக்கமாக்கியது. அசைவின் தொடக்கம், உச்சம், முடிவு ஆகிய நிலைகளை முதன்மை வரைவாளர் வரைவார். அவற்றுக்கு இடைப்பட்ட வரைபடங்களை இடைவரைவாளர் நிரப்புவார். வேறொருவர் கோடுகளைச் செப்பஞ்செய்வார். அதன்பின் மைக்கோடு இடுவோரும், தாளின் பின்புறத்தில் வர்ணம் தீட்டுவோரும் வருவர். டிஸ்னி கலைக்கூடத்தில் 1937 இல் வெளியான 'ஸ்னோ வைட்' இவ்வொழுங்கின் முதலாவது பெருஞ்சாதனை. மையிடும் பகுதியிலும் வர்ணப் பகுதியிலும் பணிபுரிந்தோர் பெரும்பாலும் இளம் பெண்கள். 1938 இல் அங்கு பயிற்சிக்கு விண்ணப்பித்த பெண்ணொருவருக்கு, படைப்புப் பணி முழுவதும் ஆண்களுக்கே உரியதென்றும் பெண்கள் மையிடவும் வர்ணம் தீட்டவும் மாத்திரமே சேர்க்கப்படுவர் என்றும் எழுத்து மூலம் பதிலளிக்கப்பட்டது. 1941 இல் அக்கலைக்கூடத்தில் வெடித்த வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஒன்பது வாரம் நீடித்தது. கைவரைவின் 'பொற்காலம்' என வழங்கப்படும் காலத்தின் உட்புறம் இவ்வாறிருந்தது. பொற்காலம் என்ற சொல்லைக் கேட்கும்போது, பொன் எவருடைய பையிற் சேர்ந்தது என்று வினவுவது வரலாற்று மாணவனின் கடமை.

ஆயினும் அடிப்படி வேலையை வெறுங்கூலிவேலை என ஒதுக்கிவிடவும் முடியாது. இடைவரைவு செய்தவனின் கையே ஈற்றில் முதன்மை வரைவாளனின் கையாகியது. ஒரு பாதம் நிலத்தில் ஊன்றும்போது உடலின் பாரம் எங்கே இறங்குகின்றது, தலை திரும்புமுன் கண் ஏன் திரும்பவேண்டும் என்பவற்றை நூலிற் படித்து அறிந்தவர் குறைவு. ஆயிரம் இடைவரைபடங்களை வரைந்து அறிந்தவரே அதிகம். எமது பிரதேச வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. முல்லைத்தீவுப் பகுதியில் வழங்கிவரும் கோவலன் கூத்திலாயினும் வேறெந்தக் கூத்திலாயினும், அண்ணாவியாராக எவரும் பிறப்பதில்லை. களரியின் ஓரத்திலிருந்து பிற்பாட்டுப் பாடி, சிறு வேடங்கட்டி, பின்னரே பெருவேடத்துக்கு வருவர். பிற்பாட்டுக்காரர் இல்லாதொழிந்தால் அடுத்த தலைமுறையில் அண்ணாவியாரும் இல்லாதொழிவார். அசைவூட்டக் கலையின் பிற்பாட்டுக்காரர் இடைவரைவாளரே.

இனி, அப்படிகள் பெயர்க்கப்பட்ட வரலாற்றுக்கு வருவோம். 1961 இல் டிஸ்னியின் '101 டல்மேஷியன்கள்' என்னும் படத்தில் வரைவாளரின் பென்சிற்கோடுகள் நிழற்பிரதி முறையால் நேரடியாகச் செல் தாளுக்கு மாற்றப்பட்டன. கையால் மையிட்ட பெண்களிற் பெரும்பாலோரின் பணி அத்துடன் வேண்டப்படாததாயிற்று. அங்கே எந்தக் கணினியும் இருக்கவில்லை. நூற்றியொரு நாய்களின் புள்ளிகளைக் கையால் மையிடுவதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்ட கணக்கேடு ஒன்றே இருந்தது.

அடுத்துப் பெயர்ந்தது இடைவரைவு. அது முதலிற் பெயர்ந்த திசை கிழக்கு. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான சித்திரப்படங்களின் இடைவரைவு, மையிடல், வர்ணந்தீட்டல் ஆகியன யப்பான், தாய்வான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளுக்கு அனுப்பப்படலாயின. ஹொலிவூட் அசைவூட்டத் தொழிலாளர் சங்கம் இதனை எதிர்த்து 1979 இல் வேலைநிறுத்தம் செய்து வென்றது. 1982 இல் மீண்டும் செய்து தோற்றது. இத்தோல்வி கைவரைவு வரலாற்றில் 'டோய் ஸ்டோரி'யைப்போலவே முக்கியமானது என்பது எமது துணிபு. ஏனெனில் அதன்பின் அமெரிக்காவில் இடைவரைவு பயில விரும்பிய இளைஞனுக்கு இருக்க இடமில்லாதுபோயிற்று. படியின் மேற்பகுதி ஒரு கண்டத்திலும் கீழ்ப்பகுதி இன்னொரு கண்டத்திலுமாகப் பிரிந்தபின், கீழே நிற்பவன் மேலே ஏறுவதெங்ஙனம்?

கணினி இவ்வரலாற்றுள் நுழைந்த வாயிலும் இதுவே. 1968 இல் சோவியத் ஒன்றியத்தில் நிக்கொலாய் கொன்ஸ்தாந்தினொவ் தலைமையிலான குழுவினர் 'பெஸ்ம்-4' என்னும் கணினியைக்கொண்டு ஒரு பூனையை நடக்கவைத்தனர். பூனையின் நடையைச் சமன்பாடுகளாக அமைத்து, எழுத்துக்களாலான உருவங்களை அச்சிட்டு, அவற்றைப் படம்பிடித்தனர். அது கணிதவியலாளரின் ஆராய்ச்சி. எவருடைய வேலையையும் பறிப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. 1974 இல் கனடியத் தேசியத் திரைப்படச் சபையின் தயாரிப்பாகப் பீட்டர் ஃபோல்டெஸ் உருவாக்கிய 'பசி' என்னும் பொருள்படும் குறும்படத்தின் நிலை வேறு. அதில் கலைஞர் முதன்மை நிலைகளை வரைந்தார். இடைப்பட்ட நிலைகளைக் கனடியத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தினர் உருவாக்கிய கணினி நிரல் நிரப்பியது. உலகின் ஒருபாதி உண்டு பெருப்பதையும் மறுபாதி பட்டினி கிடப்பதையும் சித்திரித்த அப்படம் கருத்தளவில் முற்போக்கானது. ஆயினும் அதன் தொழினுட்பம் உலகுக்கு அறிவித்த செய்தி யாதெனின், இயந்திரத்துக்கு முதலிற் கைகூடுவது மேதையின் வேலையன்று, பயிலுநனின் வேலை என்பதாகும்.

1990 இல் டிஸ்னியின் 'ரெஸ்கியூவர்ஸ் டவுன் அண்டர்' என்னும் படத்தில் மையிடலும் வர்ணந்தீட்டலும் முற்றாகக் கணினிக்கு மாற்றப்பட்டன. பிக்ஸார் கலைக்கூடத்துடன் இணைந்து உருவாக்கப்பட்ட முறை அது. 1994 இன் 'லயன் கிங்' பார்வையாளர் கண்ணுக்குக் கைவரைவுப் படமே. ஆனால் செல் தாள் அதில் இல்லை. ஆகவே 1995 இல் வெடித்ததாகக் கூறப்படும் புரட்சிக்கு முன்னரே பெரும்பகுதிப் படிகள் பெயர்ந்திருந்தன. எஞ்சியிருந்தது மேற்படியில் நின்ற சில நூறு வரைவாளர் மாத்திரமே.

அவர்களையும் வீழ்த்தியது கருவியா? 2002 இல் டிஸ்னியின் ஓர்லாண்டோ கலைக்கூடத்தில் உருவான 'லீலோ அண்ட் ஸ்டிச்' என்னும் கைவரைவுப் படம் நல்ல இலாபம் ஈட்டியது. அதே ஆண்டில் பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட 'டிரெஷர் பிளனற்' பெருநட்டம் அடைந்தது. நிருவாகம் இரண்டாவதையே சான்றாகக் கொண்டது. 2004 ஜனவரியில் ஓர்லாண்டோ கலைக்கூடம் மூடப்பட்டது. இலாபமீட்டிய படத்தை உருவாக்கியவரே வீடு சென்றனர்! கணினிப் படங்கள் பெற்ற வெற்றியைக் கதைக்கோ நெறியாள்கைக்கோ உரியதாகக் கொள்ளாது கருவிக்கே உரியதாகக் கொண்டமை முகாமையாளரின் கண்ணோட்டம். 2009 இலும் 2011 இலும் டிஸ்னி மீண்டும் கைவரைவை முயன்றது, தொடரவில்லை.

இவ்விடத்தில் யப்பானை நோக்குதல் பயனுடையது. அங்கும் கணினி வந்தது. 1990களின் பிற்பகுதியில் செல் தாள் கணினிக்கு இடங்கொடுக்கத் தொடங்கி, 2013 இல் தொலைக்காட்சித் தொடர்களிலிருந்து முற்றாக நீங்கியது. ஆயினும் தாளிற் பென்சிலால் வரையும் தொழில் ஒழியவில்லை. ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' 2003 இலும், 'பையனும் நாரையும்' 2024 இலும் ஒஸ்கார் விருது பெற்றன. 1960களில் டோயெய் அசைவூட்டக் கலைக்கூடத்தில் மியாசாகியும் இசாவோ தக்காஹாட்டாவும் தொழிற்சங்கப் பொறுப்பாளர்களாக விளங்கியமை எமது வாசகர் பலர் அறியாததாயிருக்கலாம். தக்காஹாட்டாவின் 1968 ஆம் ஆண்டுப் படம் அச்சங்கச் சூழலிலேயே உருவாயிற்று. எனினும் யப்பானைப் புகழ்ந்து நின்றுவிடல் நேர்மையாகாது. அங்கு கைவரைவு தப்பிப்பிழைத்தமைக்கு இரசிகரின் பற்றும் சித்திரக்கதைப் பதிப்பகங்களின் பலமும் ஒரு காரணம். வரைபடக் கணக்கிற் கூலிபெறும் இடைவரைவாளரின் மிகக் குறைந்த வருமானம் மற்றொரு காரணம். கை மலிவாக இருக்குமிடத்தில் இயந்திரம் அவசரப்படுவதில்லை. 2025 மார்ச் மாதத்தில் உலகெங்கும் தத்தம் ஒளிப்படங்களைச் செயற்கை நுண்ணறிவு நிரலொன்றிடம் கொடுத்து மியாசாகியின் கலைக்கூடப் பாணியில் மாற்றிப் பெற்றோர் பலர். பாணி கையை விட்டுப் பிரிந்து தனியே விற்பனைக்கு வந்துவிட்டது.

இந்தியாவில் இவ்வரலாறு வேறொரு வடிவம் பெற்றது. அங்கு கைவரைவு உயரத்திலிருந்து வீழவில்லை, உயரவே இடமளிக்கப்படவில்லை. 1947 இல் சென்னை ஜெமினி கலைக்கூடத்திலிருந்து, தாணு என்னும் ஓவியரின் கைவண்ணத்தில், அக்காலத் திரைநட்சத்திரங்களைக் கேலிசெய்யும் 'சினிமா கதம்பம்' என்னும் குறும்படம் வெளிவந்தது. தமிழில் அசைவூட்டம் இவ்வளவு முற்பட்டுத் தோன்றியும் அது ஒரு மரபாக வளரவில்லை. பாடலும் நட்சத்திரமும் பணம் திரட்டித்தந்த தொழிலில், ஒரு நிமிடப் படத்துக்கு எழுநூறு வரைபடம் வரையும் ஓவியனுக்கு முதலிட எந்த முதலாளியும் விரும்பாமை வியப்பன்று.

அக்குறையை ஓரளவு நிரப்பியது அரசு. 1956 இல் இந்திய அரசின் திரைப்படப் பிரிவில் சித்திரப்பட அலகொன்று பம்பாயில் அமைக்கப்பட்டது. அமெரிக்கத் தொழினுட்ப உதவித் திட்டத்தின்கீழ், டிஸ்னியிற் பணியாற்றிய கிளயர் வீக்ஸ் பயிற்சியளிக்க வந்தார். ஜாதகக் கதையொன்றைத் தழுவி அங்கு படம் எடுக்கப்பட்டது. அவ்வலகிற் பயின்ற ராம் மோகன் பிற்காலத்தில் இந்திய அசைவூட்டத்தின் தந்தை எனப்பட்டார்; சத்யஜித் ராயின் 'சதுரங்க ஆட்டக்காரர்' படத்தில் வரும் அசைவூட்டப் பகுதி அவருடையதே. 1974 இல் விஜயா முலே உருவாக்கிய ஒற்றுமை பற்றிய குறும்படம் தூரதர்ஷன் வாயிலாக ஒரு தலைமுறையின் நினைவிற் பதிந்தது. குடும்பக் கட்டுப்பாடு, எழுத்தறிவு, சுகாதாரம் என அரசு வேண்டிய பொருள்களைக் கற்பித்த கலையாக அது இருந்தது. போதனைத்தன்மை மிகுந்திருந்தது என்ற குறை உண்மையே. ஆயினும் வரைவாளர் ஒருவர் சம்பளத்துடன் பயில்வதற்கு அந்நாட்டில் இருந்த பள்ளி ஏறத்தாழ அது ஒன்றே.

ராம் மோகனின் பங்களிப்புடன் இந்திய–யப்பானியக் கூட்டு முயற்சியாக உருவாகிய 'இராமாயணம்' 1992 இல் நிறைவுற்றது. ஏறத்தாழ ஒரு இலட்சம் செல் தாள்களில் வரையப்பட்ட அப்படத்துக்கு அயோத்திப் பிணக்கு உச்சமடைந்திருந்த அந்நாட்களில் இந்தியத் திரையரங்குகள் கிட்டவில்லை எனலாம். தொலைக்காட்சியிற் கண்டவரே பலர். 2025 ஜனவரியில், 33 ஆண்டுகளின் பின்னர், தமிழ் உட்படப் பல மொழிகளில் அது திரையரங்குகளில் வெளியிடப்பட்டது. 2005 இல் வி. ஜி. சமந்தின் 'ஹனுமான்' என்னும் இருபரிமாணப் படம் இந்தியாவில் நல்ல வரவேற்பைப் பெற்றது; டிஸ்னி தன் வரைமேசைகளை அகற்றிய மறுவருடமே இது நிகழ்ந்தது. சந்தை கைவரைவை விரும்பவில்லை என்ற வாதத்துக்கு இவை இரண்டும் மறுப்பாகும்.

சென்னைக்குத் திரும்புவோம். 1989 இல் ஏவி.எம். தயாரித்த 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினிகாந்த் வரையப்பட்ட விலங்குகளுடன் ஆடிப்பாடினார். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நிகழ்படப் பேழைகளிற் பார்த்த சிறுவர் அப்பாடலுக்காகவே பேழையைப் பின்னோக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தனர். அதற்குப் பின் சென்னையிற் கைவரைவு வளரும் என எதிர்பார்த்திருக்கலாம். வந்ததோ வேறு. 1990களின் இறுதியில் மென்பொருட் பங்குகள் உச்சத்தில் நின்ற வேளையில், பென்டாமீடியா கிராபிக்ஸ் என்னும் சென்னை நிறுவனம் நேரே கணினிப் படங்களில் இறங்கியது. 2000 இல் வெளியான அதன் 'சிந்துபாத்' படம், முழுவதும் நடிகரின் உடலசைவைப் பதிவுசெய்து கணினி உருவங்களுக்கு ஏற்றும் முறையில் எடுக்கப்பட்ட முதலாவது முழுநீளப் படம் எனப்படுகின்றது. அதே ஆண்டில் 'பாண்டவர்: ஐந்து வீரர்' வெளிவந்தது. உலகச் சாதனையொன்று சென்னையில் நிகழ்ந்தும் தமிழ்ப் பொதுமக்கள் அதனை அறிந்திலர். காரணம் எளிது. அப்படங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளிநாட்டுச் சந்தையைக் கருதியே எடுக்கப்பட்டன. 2001 இல் இந்தியப் பங்குச்சந்தை சரிந்தபோது பெரிதும் வீழ்ந்த பங்குகளுள் அந்நிறுவனத்தினதும் ஒன்று. பங்குவிலையின்மீது எழுப்பப்பட்ட கலைக்கூடம் பங்குவிலையுடனேயே சாய்ந்தது.

தமிழிலேயே கணினிவழி எடுக்கப்பட்ட முழுநீளப் படம் என்றவகையில், இளையராஜாவின் இசையுடன் 2007 இல் வந்த 'இனிமே நாங்கதான்' நினைவுகூரத்தக்கது. 2014 மே மாதத்தில் 'கோச்சடையான்' வெளிவந்தது. இப்படம் எமது ஆய்வுக்கு மிக வாய்ப்பான சான்று. 1989 இல் வரையப்பட்ட உருவங்களுடன் ஆடிய அதே நடிகர், கால்நூற்றாண்டின் பின் தாமே கணக்கிடப்பட்ட உருவமாயினார். 2009 இல் மறைந்த நாகேஷின் உருவமும் அதில் உயிர்ப்பிக்கப்பட்டது. ஓவியன் கற்பனையிலிருந்து ஓர் உயிரைப் படைக்கும் கலை, உள்ள நட்சத்திரத்தைப் பிரதிசெய்யும் கலையாக இங்கே திரிந்தது. பாத்திரங்களின் விழிகளும் நடையும் உயிரற்றிருந்தன என்ற கண்டனம் அன்று பரவலாக எழுந்தது. அதனைப் பணப்பற்றாக்குறை என்று விளக்குவோர் உளர். அது ஒரு பகுதியே. பாரம் எங்கே இறங்குகின்றது என்பதை ஆயிரம் இடைவரைபடங்களால் அறிந்த கைகள் ஒரு தலைமுறையேனும் அங்கே உருவாகியிருக்கவில்லை என்பதே ஆழ்ந்த காரணம் எனக் கருதுகின்றோம். பிக்ஸாரின் ஜோன் லாசெட்டர் கைவரைவிற் பயின்று, டிஸ்னியின் மூத்த வரைவாளரிடம் பாடங்கேட்டவர். கணினி அவரிடம் வந்தபோது அவர் கையில் ஒரு மரபு இருந்தது.

கணினி இளைஞருக்கு வேலை தந்ததே எனலாம். தந்தது, ஆனால் பழைய கூலிமுறையிலேயே தந்தது. 2013 பெப்ரவரியில், 'லைஃப் ஒஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய 'ரிதம் அண்ட் ஹியூஸ்' நிறுவனம் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. சில நாட்களில் அப்படம் காட்சி விளைவுகளுக்கான ஒஸ்காரைப் பெற்றது. அரங்குக்கு வெளியே அத்தொழிலாளர் ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தனர். அந்நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. புதுச்சேரியிற் தொடங்கும் கதைக்குரிய புலியின் உரோமத்தைச் சீர்செய்த இந்திய இளைஞர் பலர், முன்னைய தலைமுறையின் இடைவரைவாளர் நின்ற அதே படியிலேயே நின்றனர். 2025 இல் 'மகாவதார் நரசிம்மா' பெற்ற பெருவெற்றி இந்நிலையை மாற்றுமா என்பதைக் காலமே காட்டவேண்டும்.

இறுதியாக எமது நாட்டுக்கு வருவோம். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கப்பட்டபின் டைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டுச் சித்திரப்படங்களைச் சிங்களத்தில் மொழிமாற்றம் செய்தார். மருத்துவர் டூலிட்டில் தொடர் அவர் கையில் ஒரு சிங்களப் படைப்பாகவே மாறியது எனச் சிங்கள நண்பர் கூறுவர். சொல்லுக்குச் சொல் பெயர்க்காது, கிராமியப் பேச்சையும் பாடலையும் அவர் புகுத்தினார். தமிழ்ச் சிறுவருக்கு அத்தகைய ஒருவர் அந்நிறுவனத்தில் வாய்க்கவில்லை.

வன்னியின் நிலை மேலும் வேறுபட்டது. போர்க்காலத்தில் தேசிய மின்வலையமைப்பு இப்பகுதிக்கு எட்டவில்லை. எரிபொருளும் மின்கலங்களும் தடைப்பட்டிருந்தன. மின்பிறப்பாக்கியும் 'டெக்'கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் ஊர்கூடி இரவிரவாகப் படம் பார்த்த நாட்களில் ஓடியவை பெரும்பாலும் சென்னைப் படங்களே. 1997 இல் 'ஜயசிக்குறு' நடவடிக்கையின்போது புளியங்குளம் மாதக்கணக்கிற் போர்முனையாயிருந்தது, ஊர் இடம்பெயர்ந்தது. அமெரிக்காவில் கைவரைவுக்கும் கணினிக்கும் இடையே நிகழ்ந்ததாகக் கூறப்படும் மாற்றம் முழுவதும், இங்கே திரையே இல்லாத ஆண்டுகளில் நடந்து முடிந்தது. 2009 இன் பின் மின்சாரமும், செய்மதித் தொலைக்காட்சியும், கைத்தொலைபேசியும் அடுத்தடுத்து வந்தபோது, எமது சிறுவர் கண்டவை சென்னையின் சுட்டி டிவியில் தமிழ் பேசிய அமெரிக்க, யப்பானியத் தொடர்களும், ஹைதராபாத்தில் உருவாகிய 'சோட்டா பீம்' போன்றவையுமாகும். பீமனின் கைகால்களை ஒருமுறை வரைந்து, வெட்டிய பொம்மைபோற் பொருத்திக் கணினியால் அசைப்பர். பார்வைக்குக் கைவரைவு, உழைப்பில் அது இல்லை. பிள்ளைகள் சென்னைத் தமிழிற் சண்டையிடுவதை இவ்வூர்ப் பாட்டிமார் வேடிக்கையாகச் சொல்வர்.

கடைக்கோடியிலிருந்து நோக்குவதன் பயன் இங்கேதான் புலப்படுகின்றது. கைவரைவின் மறைவுக்காக இரங்கும் கட்டுரைகள் ஒரு இழப்பைப் பேசுகின்றன. எமக்கு இழப்பதற்கு அப்படி ஒரு கலைக்கூடம் இருந்ததில்லை. ஆனால் கோடுகள் இருந்தன. சி. சிவஞானசுந்தரம் 'தினகரன்' இதழிலும், 1963 இல் தாம் தொடங்கிய 'சிரித்திரன்' இதழிலும் வரைந்த சவாரித்தம்பரும் மிஸிஸ் டாமோடிரனும் ஈழத்துத் தமிழரின் பேச்சையும் பாசாங்கையும் சில கோடுகளிற் பிடித்தனர். சவாரித்தம்பர் நிற்கும் தோரணையைப் பார்த்தவர், அவர் நடந்தால் எவ்வாறு நடப்பார் என்பதை ஊகிக்கமுடியும். அசைவூட்டத்துக்கு வேண்டிய முதற் பண்பு அதுவே.

ஏறத்தாழ அதே காலத்தில் சிங்களச் சித்திரப் பத்திரிகைகளில் கமிலஸ் பெரேரா 'கஜமன்' என்னும் பாத்திரத்தைப் படைத்தார். 2023 ஜனவரியில், சானக பெரேராவின் நெறியாள்கையில், இலங்கையின் முதலாவது முழுநீள முப்பரிமாண அசைவூட்டப் படமாகக் கஜமன் திரைக்கு வந்தார். கையாற் பிறந்த பாத்திரம் கணினியால் நடந்தது; கையும் கணினியும் பகையல்ல என்பதற்கு எமது நாட்டிலேயே கிடைத்த சான்று இது. சவாரித்தம்பர் நடக்காமைக்குக் கோட்டின் தரம் காரணமன்று. சிங்களத் திரைக்கு நாடளாவிய திரையரங்குகளும் தயாரிப்பாளரும் இருந்தனர். ஈழத்துத் தமிழ்த் திரைக்கு அவை இருக்கவில்லை. இருந்த சிறிதளவும் 1983 இன் பின் சிதறியது. சிவஞானசுந்தரம் 1996 இற் காலமானார். 'சிரித்திரன்' இதழ்கள் பலவற்றை நூலக நிறுவனம் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்துள்ளது. புளியங்குளத்தில் இருந்தபடி கைத்தொலைபேசியிலேயே அவற்றைத் திறந்து பார்க்கலாம்.